4ஏ-யில் சிக்கிய இரண்டு மணி நேரம்: ஒரு டெக்னோ செட்டின் நிகழ்வு ஆய்வு

அன்று இரவு டிஜேயாக நான், டெக்னோ என்ற மின்னணு நடன இசையில், ஒரு டிராக்கிலிருந்து இன்னொன்றுக்கு 21 முறை மாறினேன். அதில் 19 மாற்றங்கள், எந்தச் சுருதியோடு (கீ) எது சேரும் என்று காட்டும் கீ வட்டத்தை வைத்துப் பார்த்தால், குற்றமே சொல்ல முடியாதவை. அப்படியும் நள்ளிரவு 12:20-க்கு எனக்கு எதிரே ஆடுகிறவர்களுக்கான ஃப்ளோர் பாதி காலியாகக் கிடந்தது.

இடம் கோலாலம்பூர். பெட்டாலிங் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் மேல்மாடி. வியாழக்கிழமை. 11 மணியிலிருந்து 1 மணி வரை என் முறை. நூறு பேர் வந்தால் நெருக்கியடிக்கும் அறை. இரண்டு பயனியர் சிடிஜே-2000 நெக்ஸஸ் 2 பிளேயர், ஒரு மிக்ஸர், மூலையில் தாழ்ந்த ஒலிக்கான 18 அங்குல ஸ்பீக்கர் (சப்) இரண்டு. லைட் மேசையில் இருந்த நண்பன் மிக்ஸரிலிருந்து ஒலியைப் பதிவு செய்தான். இடையிடையே கைப்பேசியில் வீடியோவும் எடுத்தான். அந்தப் பதிவு இல்லையென்றால் 'அன்னைக்கு கூட்டம் சரியில்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். டிஜேக்கள் வழக்கமாகச் சொல்வது அதுதானே.

நடந்ததையும், பிறகு கண்டுபிடித்ததையும், ஆறு வாரம் கழித்து அதே அறையில் மாற்றிச் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். ஒரே அறை, ஒரே ஆள், இரண்டு இரவு. இதிலிருந்து பொதுவிதி எதையும் உருவி எடுக்க முடியாது. காரணங்களில் சில எந்த அறைக்கும் பொருந்தும்.

போவதற்கு முன் செய்த தயாரிப்பு

ஃபோல்டரில் 140 டிராக்குகள். கீ கண்டுபிடிக்கும் மென்பொருளில் எல்லாவற்றையும் ஓட்டி, கேமலாட் எண்ணைப் பெயருக்கு முன்னால் ஒட்டியிருந்தேன். கேமலாட் வட்டம் மார்க் டேவிஸ் வகுத்த ஓர் எண்முறை. கடிகாரம் போல 12 எண்கள். ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர். பக்கத்து எண் என்பது நம் கணக்கில் ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவு. ஆகவே அதே எண், ஒன்று கூட்டிய எண், ஒன்று கழித்த எண், அல்லது அதே எண்ணில் ஏ-யிலிருந்து பி, இவற்றுக்குள் நகர்ந்தால் சுருதி மோதாது. 4ஏ என்பது எஃப் மைனர். நம் பாட்டுக்காரர்களுக்கும் எஃப் என்றால் நாலு கட்டைதான். இரண்டிலும் நாலு வருவது தற்செயல். 5ஏ-யான சி மைனர் நமக்கு ஒரு கட்டை. இதை வைத்து யாரும் தத்துவம் கட்ட வேண்டாம்.

எனக்குப் பிடித்த டிராக்குகளில் பல 4ஏ-யிலேயே விழுந்தன. டெக்னோவில் இது அபூர்வமில்லை. எஃப், எஃப் ஷார்ப், ஜி ஆகியவற்றின் தாழ்ந்த ஸ்தாயி 43 முதல் 49 ஹெர்ட்ஸ் வரை வரும். கிளப் சப் நெஞ்சைத் தள்ளுவதும் அந்த எல்லையில்தான். தயாரிப்பாளர்கள் அங்கே கூடுவது இயல்பு. அதனால் 3ஏ, 4ஏ, 5ஏ, இடையில் ஒரு 4பி என்று இரண்டு மணி நேரத்துக்குப் பாதை போட்டேன். டெம்போ நிமிடத்துக்கு 130 அடியில் (பிபிஎம்) தொடங்கி 133-இல் நிற்கும். எனர்ஜி என்று மென்பொருள் 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுகிறது. அதில் 6, 7 வாங்கியவை மட்டும். தாளில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

11:38

முதல் அரைமணி நேரம் நன்றாகவே போனது. வேலை முடிந்து வந்தவர்கள் சுவரோரம் நின்று தலையாட்டி, மெல்ல நடுவுக்கு வந்தார்கள்.

11:38-க்கு ஒரு 4ஏ-யிலிருந்து இன்னொரு 4ஏ-க்குப் போனேன். 32 பார் (ஒரு பார் என்றால் நாலு அடி) நீளத்துக்கு இரண்டையும் சேர்த்து ஓடவிட்ட கலவை. 133 பிபிஎம்மில் அது 58 விநாடி. இரண்டிலும் நீண்டு ஒலிக்கும் பேஸ், மேலே மெல்லிய பேட், அதாவது பின்னணியில் படரும் ஒலி. வட்டத்தின்படி இதைவிடப் பாதுகாப்பான கலவை கிடையாது. ஹெட்போனில் ஏதோ புளித்தது. மேசையருகே இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் கோளாறு என்று நினைத்துக்கொண்டேன். எதிரே நின்றவர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. அதே சமயம் நடுவிலிருந்து நாலைந்து பேர் மது பார் பக்கம் போனார்கள்.

இரண்டு நாள் கழித்து செந்தூலில் வீட்டில் பதிவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சமையலறையில் இருந்தார். கோயிலில் தேவாரம் பாடும் குழுவில் முப்பது வருடமாக இருக்கிறவர். அந்த இடம் வந்ததும் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "என்னடா இது, ரெண்டு பேரும் வேற வேற சுருதியில பாடுறாங்க?"

"ரெண்டும் ஒரே சுருதிதான்மா. கம்ப்யூட்டர் சொல்லுது."

"அப்ப கம்ப்யூட்டரையே கேக்க வை."

அம்மா சொன்னதுதான் சரி. நான் மாஸ்டர் டெம்போவை அணைத்து வைத்திருந்தேன். டெம்போ மாறினாலும் சுருதி மாறாமல் பிடித்து வைக்கும் பொத்தான் அது. டெக்னோ டிஜேக்களில் பலர் அதை அணைத்தே வைப்பார்கள். ஒலியை இழுத்துச் சரிசெய்யும்போது கிக்கின், அதாவது கனத்த டிரம் அடியின், முனை மழுங்குகிறது என்பது காரணம். காரணம் உண்மைதான். ஆனால் அணைத்துவிட்டால் டெம்போ ஸ்லைடர் சுருதியையும் கூடவே தூக்கும், பழைய டர்ன்டேபிள் போல.

முதல் டிராக்கின் அசல் வேகம் 127. அதை 133-க்கு ஏற்றியிருந்தேன். சுமார் 4.7 சதவீதம். அரைக் கட்டைக்கு 100 சென்ட் என்று வைத்தால், அந்த டிராக் 80 சென்ட் மேலே போய்விட்டது. எஃப்-இல் இருந்தது எஃப் ஷார்ப்பின் வாசலில் நிற்கிறது. இரண்டாவது டிராக்கின் அசல் வேகம் 132. அது ஏறியது வெறும் 13 சென்ட். ஆக, 4ஏ-யும் 4ஏ-யும் சந்தித்தபோது நடுவே 67 சென்ட் இடைவெளி. அது ஒரே சுரமும் இல்லை, பக்கத்துச் சுரமும் இல்லை. தாம்பூரா ஒன்றும் ஹார்மோனியம் ஒன்றும் சேராமல் நிற்குமே, அந்த மாதிரி.

பேஸில் கேடு இன்னும் அதிகம். ஒன்று 45.7 ஹெர்ட்ஸில், மற்றது 44.0 ஹெர்ட்ஸில். இவ்வளவு நெருங்கிய இரண்டு தாழ்ந்த ஒலிகள் சேர்ந்தால் வித்தியாசம் எத்தனையோ அத்தனை முறை விநாடிக்கு வீங்கி வடியும். இங்கே விநாடிக்கு 1.7 தடவை. கிக்கோ விநாடிக்கு 2.2 தடவை அடிக்கிறது. ஒரு அடி கனமாக விழும், அடுத்தது காற்றுப் போன பந்து போல விழும், அதற்கடுத்தது இரண்டுங்கெட்டான். கேட்பவர்களுக்கு 'சுருதி சேரவில்லை' என்று தோன்றாது. 'பீட்டில் பிடிப்பில்லை' என்று தோன்றும். சுருதிப் பிழை தாளப் பிழையாகக் காதில் விழுகிறது. பல வருடமாக வாசிக்கிறேன், இதை அன்றுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

இதிலிருந்து எடுத்துக்கொண்ட எளிய கணக்கு: 130-க்கு மேலான வேகங்களில், மாஸ்டர் டெம்போ அணைந்திருந்தால், ஒரு பிபிஎம்முக்கு ஏறத்தாழ 13 சென்ட். எட்டு பிபிஎம் ஏற்றினால் அரைக் கட்டை கூடிவிடும். ஒட்டியிருக்கும் கீ எண் அந்த டிராக்கின் அசல் வேகத்துக்கு மட்டும் செல்லும். டெக்னோ பிறந்த டெட்ராய்ட் காலத்து டிஜேக்களிடம் இருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் வந்தது 1979-இல். அதன் பிட்ச் எல்லை கூட்டியும் குறைத்தும் 8 சதவீதம், அதாவது அரைக் கட்டைக்கும் அதிகம். அவர்களிடம் எண் இல்லை. காதை வைத்து ஓட்டினார்கள். நான் எண்ணையும் வைத்துக்கொண்டு, ஸ்லைடரையும் ஏற்றிவிட்டு, காதை மட்டும் மானிட்டர் கோளாறு என்று சொல்லி ஒதுக்கியிருக்கிறேன்.

நள்ளிரவுக்குப் பிறகு

11:38 ஒரு நிமிடச் சங்கதி. அதனால் மட்டும் ஃப்ளோர் காலியாகாது.

வீடியோவில் எண்ணிப் பார்த்தபோது 11:50-க்கு எழுபது பேர் அளவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 12:20-க்கு நாற்பது இருந்தால் அதிகம். அந்த அரைமணியின் பதிவில் ஒரு கலவையும் கெட்டிருக்கவில்லை. சொல்லப்போனால் எங்கே மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அங்கேதான் வினை.

ஆறு டிராக்குகள் வரிசையாக. கீ 4ஏ, 5ஏ, 4ஏ, 4ஏ, 3ஏ, 4ஏ. டெம்போ 133, அசைவே இல்லை. எனர்ஜி 7, 7, 7, 6, 7, 7. எல்லாமே உருண்டு ஓடும் பேஸ், மூடிய ஹை-ஹேட் (டிரம் தகட்டின் ஒலி), தூரத்தில் ஒரு பேட். அரைமணி நேரம் ஒரே டிராக்கைக் கேட்டதுபோல் இருந்தது. டெக்னோவின் சுகமே அந்த மயக்கம்தான் என்று வாதாடலாம். நானும் என்னோடு வாதாடிப் பார்த்தேன். மயக்கம் பிடிக்க உள்ளே ஏதாவது நகர வேண்டும்: ஹேட் திறக்கணும், கிக் நின்று திரும்பணும், ஒரு சத்தம் மெல்ல மேலே வரணும். என் வரிசையில் அதுவும் இல்லை.

கீ வட்டம் என்னை என்ன செய்தது என்று எண்ணிப் பார்த்தேன். 140-இல் 4ஏ-க்கு ஒத்துப்போகும் என்று வட்டம் அனுமதித்தவை 44. அதில் 133-க்கு அருகில் இருப்பவை, எனர்ஜி 6, 7 என்று மேலும் சலித்தால் 23. இரண்டு மணி நேரத்துக்கு 23 டிராக்குகளுக்குள் நானே என்னை அடைத்துக்கொண்டேன். நன்றாகத் தெரிந்த, அந்த நேரத்தில் சரியாக எடுபட்டிருக்கக்கூடிய டிராக்குகள் ஃபோல்டரில் தூங்கின. எண் பொருந்தவில்லை என்ற ஒரே குற்றத்துக்காக.

இன்னொரு காரணத்தைப் பதிவு மட்டும் காட்டிக்கொடுத்திருக்காது. கோயில் திருவிழாக்களுக்கும் கல்யாணங்களுக்கும் ஒலிபெருக்கி போடும் அண்ணன் ஒருவர் அன்று சும்மா எட்டிப் பார்க்க வந்திருந்தார். பிறகு பிரிக்பீல்ட்ஸில் சந்தித்தபோது கேட்டார், "தம்பி, பன்னெண்டு மணிக்கு மேல மிக்ஸர்ல செவப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சே, பாத்தீங்களா?" பார்க்கவில்லை. ஃப்ளோர் தளர்கிறது என்று தோன்றியபோதெல்லாம் கை தானாக ஒலி அளவைக் கூட்டும் கெய்னைத் திருகியிருக்கிறது. ஒவ்வொரு டிராக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக. மீட்டர் சிவப்பைத் தொட்டதும் அந்த இடத்து லிமிட்டர் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. லிமிட்டர் உச்சங்களை அழுத்தும்; கிக்கின் முதல் அடிதான் உச்சம். ஆக, சத்தம் கூடக்கூட அடி தட்டையாகிக்கொண்டே போனது. "சத்தம் இருந்துச்சு தம்பி, அடி இல்ல," என்றார். எனர்ஜியைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லவில்லை.

எனக்கு அடுத்து வந்தவர்

1 மணிக்கு ஈப்போவிலிருந்து வந்த ஒரு சீனப் பெண் பொறுப்பேற்றார். என் கடைசி டிராக் 4ஏ. அவர் போட்டது, பிறகு நான் பார்த்த அளவில், எஃப் ஷார்ப் மைனர்: 11ஏ. வட்டத்தில் ஏழு எண் தள்ளி, அரைக் கட்டை மேலே. விதிப்படி மோதல். அவர் என் டிராக்கின் தாழ்ந்த ஒலிகளைச் சுத்தமாக வெட்டினார், ஹேட்டை மட்டும் எட்டு பார் ஓடவிட்டார், தன் கிக்கை இறக்கினார். டெம்போவையும் அந்த எட்டு பாரில் 136-க்குக் கொண்டுபோய்விட்டார். பார் பக்கம் நின்றவர்கள் கிளாஸை வைத்துவிட்டு வந்தார்கள். ஐந்து நிமிடத்தில் ஃப்ளோர் நிறைந்தது.

மூன்று மணிக்கு மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் டீ குடிக்கும்போது கேட்டேன், கீ பார்ப்பீர்களா என்று. திரையில் கீ எண் வரும் பத்தியையே மறைத்து வைத்திருக்கிறாராம். உடனே அவரை ஞானியாக்கிவிட வேண்டாம்: 1:25 வாக்கில் அவரும் இரண்டு சின்தசைசர் மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிட்டு, முக்கால் நிமிடம் பல்லைக் கூச வைத்தார். கீ பத்தி திறந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆனால் ஃப்ளோரில் ஒருவரும் நகரவில்லை. கூசியது எனக்கு மட்டும்தான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. அவருடைய முதல் மாற்றத்தில் சுருதியுள்ள ஒலி எதுவும் ஒன்றின்மேல் ஒன்று விழவேயில்லை. ஹேட்டும் கிக்கும் சந்தித்தன. ஹேட்டுக்கு ஏது கட்டை? அங்கே 11ஏ என்பது மோதல் என்று வட்டம் சொன்னது வெறும் காகிதம். மாறாக அரைக் கட்டை ஏறியது அறையையே ஒரு படி தூக்கியதுபோல் இருந்தது. 1:25-இல் சுருதியுள்ள இரண்டு ஒலிகள் முக்கால் நிமிடம் ஒன்றாக ஓடின. அங்கே மட்டும் கீ பேசியது.

ஜெஃப் மில்ஸ் மூன்று டர்ன்டேபிள்களும் ஒரு ரோலண்ட் டிஆர்-909 டிரம் மெஷினும் வைத்து வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அவர் துண்டு துண்டாக, தாளத்தின்மேல் தாளமாக அடுக்குகிறவர். எனக்கு விளங்க ஒரு வியாழக்கிழமை வீணாக வேண்டியிருந்தது.

மூன்று வார இறுதிகள், ஒரு சுருதிப் பெட்டி

140 டிராக்குகளையும் திரும்பக் கேட்டேன். முழுதாகக் கேட்கவில்லை: முதல் 32 பார், கடைசி 32 பார். கலவை நடப்பது அங்கேதான். மென்பொருள் முழு டிராக்கையும் அரைத்து ஒரு எண் கொடுக்கிறது. நடுவில் வரும் பேட் சி மைனரில் இருக்கும். தொடக்கமும் முடிவும் வெறும் தோலும் தகரமுமாக இருக்கும். அந்த எண் கலவைக்கு எதற்கு உதவும்?

அம்மாவின் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைக் கடன் வாங்கினேன். அது எப்போதும் ஐந்தரைக் கட்டையில் நிற்கும். குமிழைத் திருகியதற்கே இரண்டு நாள் பேச்சு வாங்கினேன். பேஸ் சுரத்தோடு சுருதியைச் சேர்த்துப் பார்த்தால் அசைவு நிற்கும் இடம் காதுக்கு உடனே தெரிந்துவிடும். கீபோர்டிலும் செய்யலாம். தொடர்ந்து ஒலிப்பதால் சுருதிப் பெட்டி வசதி.

140-இல் 57 டிராக்குகளுக்கு இரண்டு முனைகளிலும் சுருதியே இல்லை. அவற்றின் கீ எண்ணை அழித்துவிட்டு ஒரு கோடு போட்டேன். மிச்சம் 83-இல் 19-க்கு மென்பொருள் சொன்னதும் காது சொன்னதும் ஒத்துப்போகவில்லை. பதினொன்றில் ஐந்தாம் சுரத்தை ஆதாரமாக எடுத்துக்கொண்டிருந்தது, அதாவது பக்கத்து எண். இதனால் பெரிய கேடில்லை. ஐந்தில் மைனரா மேஜரா என்ற குழப்பம். டெக்னோவில் இதற்கு மென்பொருளைக் குறை சொல்ல முடியாது. பல டிராக்குகளில் ஸ-வும் ப-வும் மட்டுமே ஒலிக்கும், காந்தாரம் வரவே வராது. காந்தாரம் இல்லாமல் மைனர் எது, மேஜர் எது? மூன்று மட்டும் எங்கேயோ போயிருந்தன.

அப்புறம் எனர்ஜி. ஒரே எண் போதாது என்று முடிவு செய்து மூன்று குறி வைத்தேன்: அடியின் எடை, மேல் ஒலிகளின் அடர்த்தி, இழுவிசை. மென்பொருள் 7 கொடுத்த இரண்டு டிராக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கனத்த கிக்கும் உறுமும் பேஸும், மேலே வெறுமை. மற்றதில் அடி மெலிது. ஆனால் ஹேட் ஒவ்வொரு அரையடியிலும் திறந்து கொட்டுகிறது. எண் ஒன்றுதான். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் கூரை திறந்ததுபோல் இருக்கும். திருப்பிப் போட்டால் தரையில் உட்கார்ந்ததுபோல் இருக்கும். இரண்டுமே தேவைதான், நேரம் வேறு. இழுவிசை என்று நான் குறித்தது, ஒலி எங்கேயோ போகப்போகிறது என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை. அதற்கு அளவுகோல் கிடையாது. கேட்டு, 1 முதல் 3 வரை எழுதினேன்.

டெம்போவுக்கு எனக்கு ஆசான் உறுமி மேளம். பத்துமலை தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னால் நடந்தவர்களுக்குத் தெரியும்: மேளம் எந்த இடத்தில் வேகம் கூடியது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆடுகிறவர் சோர்ந்தால் மேளம் அடியைக் குறைத்து அவரைக் கொஞ்சம் மூச்சுவிட விடும். பிறகு தொட்டுத் தொட்டு ஏற்றும். நான் 130-லிருந்து 133-க்கு முதல் அரைமணியில் ஏறிவிட்டு மிச்சம் ஒன்றரை மணி நேரம் ஆணி அடித்ததுபோல் நின்றேன். மேளக்காரர் எவரும் அப்படிச் செய்யமாட்டார்.

கடைசியாக, அறை. ஒரு மாலை டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். சுவருக்குச் சுவர் 6 மீட்டர். ஒலி விநாடிக்கு 346 மீட்டர் போகும் என்று வைத்தால், அந்த அகலத்தில் சுவர்களுக்கு இடையே மோதித் திரும்பி நிற்கும் அலைகளில் இரண்டாவது 57.7 ஹெர்ட்ஸ். பி ஃபிளாட்டின் தாழ்ந்த ஸ்தாயி 58.3. மடிக்கணினியிலிருந்து 58 ஹெர்ட்ஸ் ஒலியை விட்டு நடந்து பார்த்தேன்: நடுவில் நெஞ்சை அமுக்குகிறது, சுவரோரம் அமுக்குகிறது, சுவரிலிருந்து ஒன்றரை மீட்டரில் காணாமல் போகிறது. அந்த ஒன்றரை மீட்டர் வரிசையில்தான் பாருக்குப் போகிறவர்கள் நிற்பார்கள். நான் நிற்கும் மேசை நடு அகலத்தில். ஆக 3ஏ டிராக்குகள், பி ஃபிளாட் மைனர், எனக்கு மட்டும் மலை மாதிரி கேட்டிருக்கின்றன. அந்த அறைக்கும் ஒரு சுருதி இருக்கிறது. நான் அதைக் கேட்காமல் வாசித்திருக்கிறேன்.

இரண்டாம் இரவு

ஆறு வாரம் கழித்து அதே அறை, அதே நேரம். ஒன்பது மணிக்கு கோலாலம்பூர் மழை கொட்டித் தீர்த்தது. கூட்டம் தாமதமாகத்தான் வந்தது.

129-இல் தொடங்கினேன். முதல் 25 நிமிடம் பேட் உள்ள டிராக்குகள், நீளமான கலவைகள். இங்கே மட்டும் கீயைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். மாஸ்டர் டெம்போ போட்டுவிட்டேன். அசல் வேகத்திலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்ததால் கிக் மழுங்கவில்லை. அதன்பின் கோடு போட்ட டிராக்குகள் உள்ளே வந்தன. இவை கதவு மாதிரி. 4ஏ-யிலிருந்து நேரே 9ஏ-க்குப் போக முடியாது. நடுவில் சுருதியற்ற ஒரு டிராக்கை மூன்று நிமிடம் ஓடவிட்டால் காது பழைய ஆதார சுருதியை மறந்துவிடுகிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். 23-க்குள் அடைபட்டிருந்த எனக்கு 140-உம் திறந்தது.

டெம்போவை ஒவ்வொரு டிராக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன், 0.3, 0.4 என்று. இரண்டு இடத்தில் ஒரு பிபிஎம் குறைத்தேன். 12:50-க்கு 137. கெய்ன் மீட்டர் மஞ்சளைத் தாண்டவில்லை. அதற்கு ஒரு வைராக்கியம் தேவைப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஏழு எண் தாண்டும் வித்தையை ஒரே ஒரு முறை செய்தேன், 12:32-க்கு. 4ஏ டிராக்கில் கிக் நிற்கும் பிரேக்கில் பேட் மங்கி முடிய விட்டு, 16 பார் வெறும் ஹேட், பிறகு 11ஏ-யின் கிக்கும் பேஸும் சேர்ந்து. 135 பிபிஎம்மில் 16 பார் என்பது 28 விநாடி. மேசைக்குப் பின்னால் நிற்பவனுக்கு அது அரைமணி மாதிரி. இறங்கியபோது வந்த சத்தம் பதிவிலேயே கேட்கிறது.

தவறுகளும் உண்டு. 124-இல் இருந்த பழைய டிராக் ஒன்றை ஆசைப்பட்டு 136-க்கு இழுத்தேன், மாஸ்டர் டெம்போவோடு. கிட்டத்தட்ட 10 சதவீதம். கிக் ஈரத்துணியில் அடித்ததுபோல் ஆனது, ஹேட் கசகசவென்று உதிர்ந்தது. பொத்தானை அணைத்திருந்தால் சுருதி சுமார் 160 சென்ட் ஏறியிருக்கும். ஆனால் அந்த டிராக்கில் சுருதியே இல்லை, ஏறினால் யாருக்கு என்ன? யோசிக்காமல் செய்தது. இன்னொன்று பெரிய தவறு: 12:05-லிருந்து இருபது நிமிடம் எடை, அடர்த்தி, இழுவிசை மூன்றும் 3-ஆக இருந்த டிராக்குகளை வரிசையாகப் போட்டுவிட்டேன். முதல் பத்து நிமிடம் அமர்க்களம். அடுத்த பத்தில் மனிதர்கள் களைத்துவிட்டார்கள். தட்டையான 7-இல் போனவர்கள் முன்பு. மூன்று 3-உம் சேர்ந்த தட்டையான 9-இல் போனவர்கள் இப்போது. 12:32 அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது.

12:20-க்கு ஐம்பத்தைந்து பேர் அளவில் இருந்தார்கள். 12:45-க்கு எழுபதுக்கும் மேல். முந்தைய முறையோடு ஒப்பிட இனிக்கிறதுதான். ஆனால் அன்று வியாழன். இம்முறை மறுநாள் பொது விடுமுறை. மழையால் தாமதமாக வந்தவர்கள் தாமதமாகவே போவார்கள். எண்ணிக்கையில் எவ்வளவு என் கைவேலை, எவ்வளவு விடுமுறை என்று பிரிக்க வழியில்லை. பிரித்துச் சொல்லக்கூடியவை பதிவில் இருப்பவை: பேஸ் வீங்கி வடியும் இடம் ஒன்றுகூட இல்லை, லிமிட்டர் கிக்கைத் தொடவில்லை, இரண்டு மணி நேரத்தில் ஒன்பது வெவ்வேறு கீ. அம்மாவிடம் போட்டுக் காட்டினேன். பத்து நிமிடம் கேட்டுவிட்டு, "பாட்டு எப்ப வரும்?" என்றார்.

அடுத்த மாதம் பினாங்கு. ஜார்ஜ்டவுனில் இன்னொரு கடைவீடு, இதைவிடக் குறுகல். அங்கிருக்கும் நண்பர் அளந்து அனுப்பிய அகலம் 5.2 மீட்டர். இரண்டாவது அலை 66.5 ஹெர்ட்ஸ். சி-யின் தாழ்ந்த ஸ்தாயி 65.4. 5ஏ டிராக்குகள் அங்கே நடுவில் நிற்பவர்களுக்கு எகிறும், மேசை எங்கே போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து எனக்குப் பொய்யும் சொல்லும். மேசையைச் சுவரிலிருந்து 1.3 மீட்டரில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்டுப் பதில் வந்திருக்கிறது.